ஹீட் பம்ப்பா, சோலாரா? முதலில் வாளியை எண்ணுங்கள்

புதுச்சேரியில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பேச்சு மூட்டு வலியில் தொடங்கிச் சர்க்கரை அளவில் முடியும். இப்போது நடுவில் மூன்றாவதாக ஒன்று புகுந்திருக்கிறது. ஹீட் பம்ப். "மாடியில் இருக்கும் சோலாரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு ஹீட் பம்ப் வைக்கப் போகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். "என் பையன் பணம் அனுப்பிவிட்டான், அடுத்த வாரம் ஆள் வருகிறான்" என்கிறார் இன்னொருவர். சென்ற மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் வந்து, "நீங்கள் கணக்குப் பார்த்த ஆளாயிற்றே, எது நல்லது சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம் ஊரில், சொந்த மொட்டை மாடியுள்ள வீட்டில், நாலைந்து பேர் வாழ்ந்தால் சோலார் போதும். வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அந்தச் சோலார்கூட வேண்டாம், குளியலறைச் சுவரில் ஒரு சின்னக் கீசர் போதும். ஹீட் பம்ப் இரண்டு வீட்டுக்கும் தேவையில்லை. நம் தலையில் அதைக் கட்டுகிறவர்கள் நாம் எத்தனை வாளி வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறோம் என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை. என் சண்டை அந்த இயந்திரத்தோடு இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விற்பவர்களோடும், கேட்காமல் வாங்கிக் கொடுக்கும் நம் பிள்ளைகளோடும்தான்.

இயந்திரத்தைப் பற்றித் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சு மொழியில் இயற்பியல் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் சாதி கார்னோவின் பெயரைச் சொல்லும்போது கோயிலில் சாமி பெயரைச் சொல்வது போலச் சொல்வார். வெப்பம் எப்படி வேலை செய்கிறது என்று 1824-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதிவிட்டு, 36 வயதில் காலரா கண்டு இறந்துபோன மனிதர். நீராவி எஞ்சின் முதல் குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஹீட் பம்ப்பும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற காய்கறியின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திசை மாற்றிச் செய்கிறது. வெளிக் காற்றில் இருக்கிற சூட்டை ஒரு வாயுவின் வழியாக உறிஞ்சி, அந்த வாயுவைக் கம்ப்ரஸரால் அழுத்திச் சூடேற்றி, தொட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறது. மின்சாரம் தானே நீரைச் சுட வைப்பதில்லை, சூட்டைச் சுமந்து வரும் கூலியாள் வேலையை மட்டும் பார்க்கிறது. அதனால் 1 யூனிட் மின்சாரம் செலவழித்தால் ஏறக்குறைய 3 யூனிட் சூடு கிடைக்கிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. நம் ஊர் போன்ற வெதுவெதுப்பான காற்றில் அது இன்னும் நன்றாகவே ஓடும்.

பிறகு என்ன குறை என்கிறீர்களா? குறை வாளியில் இருக்கிறது.

பாரிசில் இருக்கும் என் தம்பி மகன் போனில் சொன்னான். "பெரியப்பா, இங்க எல்லாரும் பொம்ப் ஆ ஷலேர் போடுறாங்க. கவர்மெண்ட்டே காசு குடுக்குது. நீங்க இன்னும் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க."

அவன் சொல்வது அவன் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் 10 டிகிரிக்கு அக்கம்பக்கம். பாத்திரம் கழுவவும் வெந்நீர், துணிக்கும் வெந்நீர், ஷவரில் பத்து நிமிடம் வெந்நீர். அதற்கும் மேலே வீடு முழுவதையும் மாதக் கணக்கில் சூடாக வைத்திருக்க வேண்டும். கேஸுக்கும் எண்ணெய்க்கும் கொட்டும் பணம் கொஞ்சமல்ல. அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலை முடிகிறது என்றால் அரசு உதவித்தொகை கொடுக்காமல் என்ன செய்யும்?

நம் ஊரில்? தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பமானி 20 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான் காட்டும். குழாய் நீர் அதைவிடச் சூடு. சித்திரை, வைகாசியில் மதியம் குழாயைத் திறந்தால் கருப்புத் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர். குளிர்ந்த தண்ணீருக்குத்தான் நாம் அப்போது அலைகிறோம். பாத்திரம் பச்சைத் தண்ணீரில் கழுவுகிறோம். வீட்டைச் சூடாக்க வேண்டிய தலையெழுத்து நமக்கு இல்லை. ஆக, வெந்நீர் என்பது நமக்கு ஒரே ஒரு காரியத்துக்கு: குளிக்க. அதுவும் ஷவரில் இல்லை, வாளியில் விளாவி, சொம்பால் மொண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் இத்தனை வருஷம் எஸ்டிமேட் சரிபார்த்து யூ.டி.சி.யாக ஓய்வு பெற்றவன். எந்த எஸ்டிமேட் வந்தாலும் முதலில் அளவைப் பார், பிறகு விலையைப் பார் என்பதுதான் நான் கற்ற ஒரே பாடம். வெந்நீர்க்காரர்கள் நம்மிடம் விலையையும் மிச்சத்தையும் மட்டும் காட்டுகிறார்கள், அளவைக் காட்டுவதில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். கலோரி என்ற சொல்லே 1820-களில் பாரிசில் நிக்கோலா கிளெமான் என்ற பேராசிரியரின் பாடங்களிலிருந்து வந்தது. இன்று டயட் பேசுகிறவர்கள் இட்லிக்கும் தோசைக்கும் அதைச் சொல்கிறார்கள், நாம் வாளிக்குச் சொல்வோம். 860 கிலோ கலோரி சேர்ந்தால் நம் மின்சாரக் கட்டணச் சீட்டில் வரும் 1 யூனிட்.

நாலு பேர் குடும்பம். ஆளுக்கு ஒரு வாளி, 20 லிட்டர். மொத்தம் 80 லிட்டர். குழாய் நீரின் சூட்டுக்கு மேல் 15 டிகிரி ஏற்றினால் இதமாகக் குளிக்கலாம். 80-ஐ 15-ஆல் பெருக்கினால் 1,200 கிலோ கலோரி. 860-ஆல் வகுத்தால் 1.4 யூனிட். கீசரில் வீணாவதையும் தாராளமாகச் சேர்த்து 2 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டால் நாளுக்கு 12 ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து, ஒரு டீ விலை.

வருஷத்தில் எத்தனை நாள் வெந்நீர் வேண்டும்? கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று நாலு மாதம் நிச்சயம். வயதானவர்களுக்கும், காய்ச்சல் சளிக்கும், மழை நாளுக்கும் இன்னும் சேர்த்து 200 நாள் என்று கொள்வோம். இதுவும் தாராளம்தான்.

ஹீட் பம்ப் வைத்தால் அந்த 2 யூனிட் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். நாளுக்கு மிச்சம் ஏறக்குறைய 8 ரூபாய். 200 நாளுக்கு 1,600 ரூபாய். என்னிடம் நீட்டிய கொட்டேஷனில் 200 லிட்டர் ஹீட் பம்ப்பின் விலை 1,10,000 ரூபாய். நல்ல கீசர் 10,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூடுதலாகப் போடும் பணம் 1,00,000. அதை 1,600-ஆல் வகுங்கள். அறுபத்திரண்டரை வருஷம்!

போட்ட பணம் திரும்பி வர அறுபத்திரண்டரை வருஷம். இயந்திரம் அதில் கால் பங்கு காலம் உழைத்தாலே பெரிய விஷயம். வாங்குகிறவருக்கோ ஏற்கெனவே எழுபது. அந்த ஒரு லட்சத்தை வங்கியில் டெபாசிட் போட்டால் வருகிற வட்டியில் வெந்நீர்ச் செலவு போக மிச்சத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்கலாம்.

"எழுபது சதவீதம் மிச்சம், சார்" என்றார் கொட்டேஷன் கொண்டுவந்த இளைஞர். எதில் எழுபது சதவீதம் என்று கேட்டேன். விழித்தார். பன்னிரண்டு ரூபாயில் எழுபது சதவீதம் என்றால் எட்டு ரூபாய் நாற்பது காசு, தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே பேப்பரை மடித்து வைத்தார். நல்ல பிள்ளை. அவருக்கும் மாதக் கடைசிக்குள் இத்தனை விற்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்.

சோலாரை இதே தராசில் நிறுத்தாவிட்டால் நான் நியாயமான ஆளில்லை. 100 லிட்டர் சோலார், குழாய் வேலையெல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று என்னிடம் சொன்னார்கள். கீசரைவிட 20,000 கூடுதல். அந்த 200 நாளில் மழைக்கும் மூட்டத்துக்கும் 40 நாள் கழித்துவிடுவோம். மிச்சம் 160 நாள். நாளுக்கு 12 ரூபாய் முழுதாக மிச்சம். வருஷத்துக்கு 1,920 ரூபாய். பத்தரை வருஷத்தில் பணம் திரும்புகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சோலார் பதினைந்து வருஷம் உழைக்கும். பெரிய லாபம் இல்லை, ஆனால் நஷ்டமில்லை. குடும்பம் பெரிதாக இருந்தாலோ, வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ லாபம் கூடும்.

இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். சோலாரில் பணம் திரும்ப இருபத்தொரு வருஷம். அதனால்தான் சொல்கிறேன், கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் சின்னக் கீசரே போதும். ஏற்கெனவே சோலார் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

இனி ஹீட் பம்ப் கட்சிக்காரர்களின் வாதங்கள் ஒவ்வொன்றாக.

முதல் வாதம்: "மழைக்காலத்தில்தானே வெந்நீர் வேண்டும், அப்போது சூரியன் எங்கே?" இது பாதி உண்மை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொள்ளும். ஆனால் நமக்கு உண்மையில் குளிர்வது எப்போது? மார்கழியும் தையும். அந்த மாதங்களில் விடியலில் பனி, எட்டு மணிக்கு மேல் துடைத்து வைத்த வானம். 12-ஆம் அட்சரேகையில் இருக்கிறோம் நாம். தை மாதத்திலும் சூரியன் நடுப்பகலில் நன்றாக உயர ஏறுகிறது. தேவையும் வெயிலும் சேர்ந்து வருகிற இரண்டு மூன்று மாதம் நமக்கு உண்டு. மூட்டம் போட்ட நாளுக்குச் சோலார் தொட்டியிலேயே ஒரு மின்சாரச் சுருள் வைத்துத் தருகிறார்கள். பத்து நாளைக்கு அதைப் போட்டால் நூற்றுச் சொச்சம் ரூபாய் செலவாகும். அதற்குப் பயந்து லட்சம் செலவழிப்பது, குடை வாங்கக் காசில்லாமல் கூரை வேய்ந்த கதை.

இரண்டாம் வாதம்: "மாடி முழுக்க சோலார் பேனல் போடலாம், மத்திய அரசு மானியம் தருகிறது. வெந்நீர்த் தொட்டி ஏன் இடத்தை அடைக்க வேண்டும்?" 2024-இல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம். முடிந்தவர்கள் போடுங்கள். ஆனால் பேனல் போட்டவருக்கு ஹீட் பம்ப் இன்னும் அனாவசியம். நாளுக்கு 2 யூனிட் தின்னும் கீசரை அந்தப் பேனலே கண்ணை மூடிக்கொண்டு தாங்கும். வீட்டில் விளைந்த அரிசியைச் சிக்கனமாகச் சமைக்க லட்ச ரூபாய்க்குப் பானை வாங்குவார்களா?

மூன்றாம் வாதம்: "சோலார் பழைய காலத்துச் சரக்கு." பழைய சரக்குதான். 1767-இல் தொடங்கிய சோதனைகளில் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்து, கொதிநிலையைத் தாண்டிய சூட்டை உண்டாக்கிக் காட்டினார். 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற கணித வாத்தியார் பெரிய கண்ணாடியால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, அதைக் கொண்டு ஐஸ் கட்டியே செய்தார். நிலக்கரி மலிவானதும் அவரைக் கைவிட்டார்கள். வெயில் தோற்றதால் நடந்ததல்ல அது. ஆனால் ஹீட் பம்ப் மட்டும் நேற்றுப் பிறந்ததா? 1850-களிலேயே ஆஸ்திரியாவில் ஓர் உப்பு ஆலையில் அந்த முறையை வைத்து உப்பு நீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டார்கள். இரண்டும் கொள்ளுத்தாத்தாக்கள்தான். வயதைக் காட்டி மிரட்ட வேண்டாம், நம்மையும் சேர்த்து.

நான்காம் வாதம்தான் கொஞ்சம் கனமானது: "சோலார் ரிப்பேர் தொல்லை. உப்புத் தண்ணீரில் ஓட்டை விழுகிறது. குழாய் உடைகிறது." உண்மை. நம் ஊர் போர் தண்ணீர், அதுவும் கடற்கரைப் பக்கம், உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. செம்புக் குழாய் வைத்த தகடு வகை என்றால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை வாய் அகலமானது, வருஷம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும். தொட்டி உள்பக்கம் எனாமல் பூசியதாக, மெக்னீசியத் தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்தத் தண்டு தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றும், கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். புயலில் தென்னை மட்டை விழுந்தால் கண்ணாடி உடையத்தான் செய்யும்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர் ஹீட் பம்ப்புக்கு என்ன தண்ணீர் ஊற்றப் போகிறார், பன்னீரா? அதே போர் தண்ணீர், அதே இரும்புத் தொட்டி, அதே ஓட்டை. அதற்கு மேல் கம்ப்ரஸர், விசிறி, வாயு, எலக்ட்ரானிக் போர்டு. கடற்காற்றில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி என்ன கதி ஆகிறது என்று வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் இருப்பவர்களைக் கேளுங்கள். அலுமினியத் தகடுகள் மாவாய் உதிரும். ஹீட் பம்ப்பும் வெளிக் காற்றை இழுத்து விடும் பெட்டிதான். கண்ணாடிக் குழாய் உடைந்தால் உள்ளூர் பிளம்பர் மாற்றிவிடுவார். போர்டு போனால் கம்பெனி ஆள் வர வேண்டும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, மறந்துவிட்டதா? சோலாரில் சுடு நீர் லேசானதால் தானே மேலே ஏறும், குளிர்ந்தது தானே கீழே இறங்கும். மோட்டார் இல்லை, ஸ்விட்ச் இல்லை. அதன் தொட்டியில் நீர் இருந்து, கண்ணாடியும் தப்பியிருந்தால் கரண்ட் இல்லாத நாளிலும் வெந்நீர் உண்டு.

இங்கே ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மாள், வயது 78. கணவரின் குடும்ப பென்ஷனில் தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் பாசத்தோடு, கொல்லைப்புறச் சந்தில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வாங்கி வைத்தார். அந்த அம்மாளுக்கு நாளைக்கு ஒரு வாளி வெந்நீர். அந்த ஒரு வாளிக்காக 200 லிட்டரைச் சுட வைத்து, ஆற விட்டு, மறுபடி சுட வைத்து, விசிறி இரவெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருஷம் போர்டு போயிற்று. ஆள் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவர் கேஸ் அடுப்பில் குண்டானில் தண்ணீர் காய்ச்சி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஈரத் தரையில் குளியலறைக்கு நடந்தார். பழைய கீசரைத்தான் ஹீட் பம்ப் வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டார்களே. ஒரு நாள் நான் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வாங்கிக்கொண்டேன். "ஒரு வாளி வெந்நீருக்கு இவ்வளவு கூத்தா, தம்பி?" என்று கேட்டார். அவர் விழவில்லை. விழுந்திருந்தால் அந்த மகனுக்கு விமான டிக்கெட்டின் விலையோடு முடிந்திருக்காது.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவது மின்சாரக் கட்டணத்துக்காக இல்லை. நம் வயதில் வெந்நீர் என்பது வசதிப் பொருள் மட்டுமல்ல. யாரையும் எதிர்பார்க்காமல், எதையும் தூக்காமல், வழுக்காமல், சுட்டுக்கொள்ளாமல், தானே குளித்து வருவது. அது ஒரு மனிதனின் கௌரவம். எந்த இயந்திரம் கெட்டால் மறு நாளே உள்ளூர் ஆள் வந்து சரி செய்வானோ, அதுதான் நமக்கு நல்ல இயந்திரம். எது குறைந்த மின்சாரம் தின்கிறது என்பது அதற்கு அப்புறம்.

ஹீட் பம்ப் எங்கேயும் கூடாதா என்றால், கூடாதென்று சொல்ல மாட்டேன். 30 அறை உள்ள லாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு 80 லிட்டர் என்றால் 2,400 லிட்டர். ஷவரில் குளிப்பவர்கள், பொதுக் குழாயில் வெகுதூரம் போக வேண்டும், ஆகவே 28 டிகிரி ஏற்ற வேண்டும். நாளுக்கு 78 யூனிட். ஹீட் பம்ப்பில் அது 26 ஆகும். 52 யூனிட் மிச்சம், 8 ரூபாய் வீதம் நாளுக்கு 416 ரூபாய், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். அங்கே அது பொன் முட்டையிடும் வாத்து. ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, முதியோர் இல்லம், மாடி உரிமை இல்லாத அடுக்ககம் பொதுவாக ஒன்று வைப்பது எல்லாம் சரி. சோலாரையும் இதே மாதிரி இடம் பார்த்துப் பேச வேண்டும். பெங்களூரில் மாடிக்கு மாடி சோலார் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷத்தில் பல மாதம் காலைக் குளிர். அவர்கள் வாளி வேறு, நம் வாளி வேறு.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், விற்க வருபவரிடமும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். என் வீட்டில் நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் என்று தெரியுமா? இது கெட்டால் எத்தனை நாளில், எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்? கரண்ட் இல்லாவிட்டால் நான் என்ன செய்வது? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெயில் காலத்தில் அதில் 80 டிகிரி வரை சூடேறும், கை பட்டால் தோல் உரியும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மாடியிலிருந்து வரும் குழாயில் முதல் நாலைந்து லிட்டர் ஆறிய நீர்தான் வரும். அதைக் கீழே விடாமல் அதே வாளியில் பிடியுங்கள், விளாவுவதற்கு அதுவே ஆயிற்று. விடியற்காலை நாலரைக்குத்தான் குளிப்பேன் என்ற பிடிவாதம் பென்ஷன்காரருக்கு எதற்கு? மாலை நாலு மணிக்குத் தொட்டி நல்ல சூட்டில் இருக்கும்.

கீசர் வைத்திருப்பவர்கள் குளிக்க இறங்கும் முன் ஸ்விட்சை அணையுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாளிக்குள் போடும் அந்த இரும்புக் கம்பி ஹீட்டர் மட்டும் நம் வயதுக்காரர் வீட்டில் வேண்டவே வேண்டாம். மறதியும் அதுவும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.

என் கணக்கில் எண்கள் உங்கள் வீட்டுக்கு மாறும். யூனிட் விலையை மாற்றுங்கள், நாட்களை மாற்றுங்கள், கொட்டேஷனில் இருக்கும் தொகையைப் போடுங்கள். விடை வேறாக வந்தால் அதன்படியே செய்யுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பென்சிலும் பழைய காலண்டரின் பின்பக்கமும் போதும்.